பெரிய டயருக்கு எந்த டிஃப்?

வாசகர் கேள்வி, அக்கரப்பத்தனையிலிருந்து: அண்ணே, என்னிடம் சுசுகி எஸ்ஜே 413 ஜீப் இருக்கிறது. 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டேன். தோட்டத்து ரோட்டில் அடியில் கல் தட்டுவது நின்றுவிட்டது. ஆனால் நுவரெலியா ஏற்றத்தில் ஐந்தாவது கியர் இழுக்கவே இல்லை. றம்பொடை இறக்கத்தில் பிரேக் வாடை அடிக்கிறது. டிஃபை, அதாவது அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்றுகிற பல்சக்கரப் பெட்டியை, மாற்று என்கிறார்கள். ஒரு மெக்கானிக் பாஸ் 4.11 போடச் சொல்கிறார், இன்னொருவர் 5.12தான் சரி என்கிறார். எதைப் போடுவது?

பதில்: தம்பி, ஐந்தாவது கியர் இருக்கட்டும். எனக்குக் கவலை தருவது அந்தப் பிரேக் வாடைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் பழைய டயரின் உயரம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர், புதியது 733. கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதல். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி அந்தளவு அதிகமாக நகர்ந்துவிடுகிறது. வண்டியில் இருப்பது 3.73 டிஃப், அதாவது ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த டயரோடு அது 3.40 டிஃப் போலத்தான் வேலை செய்யும். முன்பு ஐந்தாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1990 சுற்று சுற்றியிருக்கும். இப்போது 1810. ஒரு 1300 சிசி பெற்றோல் எஞ்சினிடம் அந்தச் சுற்றில் மலையேற வலு இருக்காது. போதாக்குறைக்கு நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு வலுவையும் இழக்கும். கொழும்பில் இதே டயரைப் போட்டவர் "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். அவருடைய ரோடு வேறு.

இனி இறக்கத்துக்கு வருவோம். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் கொழுந்து லொறிகளோடு வேலை பழகியவன் நான். மலை மேலே, ஃபெக்டரி கீழே. லொறி ஏறும்போது வெறுமையாக ஏறும், இறங்கும்போது பாரத்தோடு இறங்கும். அதனால் எங்கள் ஃபோர்மன் புதிய ட்ரைவரை மலைக்கு ஏற்றிக் காட்டச் சொல்ல மாட்டார். கொழுந்தோடு ஃபெக்டரிக்கு இறக்கிக் காட்டச் சொல்வார். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு யோசிக்கலாம். இறக்கத்தில் அந்த அவகாசம் கிடைக்காது. டயர் மாற்றுகிறவர்கள் அநேகமாக ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மலைநாட்டில் டிஃப் கணக்கை இறக்கத்தை வைத்துத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இறக்கத்தில் பெரிய டயர் இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஒன்று, எஞ்சின் பிடிப்பு. இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் முன்பு எஞ்சின் 2440 சுற்றில் நின்று வண்டியைப் பிடித்திருக்கும். இப்போது 2220தான். பிடிப்பு தளர்ந்துவிட்டது. மற்றது, பிரேக். டிஸ்க் பழைய அளவுதான், டிரம்மும் அதேதான். ஆனால் ரோட்டைத் தொடும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போய்விட்டது. அதே வண்டியை நிறுத்தப் பத்து சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். டயரின் பாரமும் கூடியிருக்கிறது. எஞ்சின் விட்டுக்கொடுத்த வேலையையும் சேர்த்துப் பிரேக்தான் செய்கிறது. லபுக்கலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கி வரும்போது உங்களுக்கு அடிக்கும் வாடை அதனால்தான்.

எந்த டிஃப் என்பதற்குச் சூத்திரம் சுலபமானது. பழைய டிஃப் எண்ணைப் புதிய டயர் உயரத்தால் பெருக்கிப் பழைய உயரத்தால் வகுங்கள். 3.73ஐ 733ஆல் பெருக்கி 668ஆல் வகுத்தால் 4.09 வரும். ஆகவே 4.11 சொன்ன பாஸின் கணக்கு சரி. 5.12 என்பது இதே கணக்கின்படி 36 அங்குல டயருக்கு உரியது. அவ்வளவு தூரம் போனால் முதல் கியர் எடுத்த எடுப்பிலேயே தீர்ந்துவிடும். எண் கூடக் கூட டிஃபுக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனில் பல் குறைந்து, பினியனும் சிறுத்து வலு இழக்கும். கல்லில் ஏறும் வண்டிக்கு அது நல்லதல்ல.

ஆனால் டிஃபைத் திறப்பதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. நான் என்றால் அதைத்தான் செய்வேன். உங்கள் ஜீப்பில் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருக்கிறது, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். எஸ்ஜே 410 ஜீப்பின் டிரான்ஸ்பரை அதற்குப் பதிலாகப் போடலாம். உங்களுடையதில் சாதாரண ஓட்டத்துக்கான ஹை 1.409, ஊர்ந்து போவதற்கான லோ 2.268. 410இல் ஹை 1.580, லோ 2.511. ஹையில் 12 சதவீதம், லோவில் ஏறக்குறைய 11 சதவீதம் கிடைக்கும். உங்கள் டயர் பறித்துக்கொண்டதை இது திருப்பிக் கொடுத்து, மேலும் கொஞ்சம் தரும். ஐந்தாவது கியரில் 60 கிலோமீட்டருக்கு 2030 சுற்று. இறக்கத்தில் இரண்டாவது கியரில் 30க்கு 2490. லோவில் முதல் கியர் போட்டு 2000 சுற்றில் முன்பு மணிக்கு 8.2 கிலோமீட்டர் ஊர்ந்திருப்பீர்கள். பெரிய டயரோடு அது 9 ஆகிவிட்டது. இதைப் போட்டால் 8.1. முன், பின் இரண்டு டிஃபையும் திறக்கிற செலவும் இல்லை, இரண்டும் பொருந்துமா என்ற கவலையும் இல்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய டிரான்ஸ்பர் தேடும்போது, ஷாஃப்டைப் பூட்டும் ஃபிளாஞ்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வடிகட்டும் திருகைக் கழற்றச் சொல்லி எண்ணெயில் இரும்புத் துகள் மினுங்குகிறதா என்றும் பாருங்கள்.

கியர் மாற்றினால் எஞ்சின் பிடிப்பு திரும்ப வரும். பிரேக்கின் சுமை அப்படியேதான் இருக்கும். ஆகவே முன் பேட், பின் லைனிங், பிரேக் ஒயில் மூன்றையும் இதே வேலையோடு புதுப்பித்துவிடுங்கள். பழைய ஒயிலில் ஈரம் ஏறியிருக்கும், சூட்டில் கொதித்துவிடும். ஸ்பீடோமீட்டரையும் நம்ப வேண்டாம். இப்போதைக்கு அது 50 என்று காட்டினால் நீங்கள் போவது 55. வேலை முடிந்ததும் போனில் ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்வி, அப்புத்தளையிலிருந்து: எங்கள் பழைய சீரிஸ் லேண்ட்ரோவர் 88க்கு 6.00-16 டயருக்குப் பதில் 7.50-16 போட்டிருக்கிறோம். டிஃபெண்டரின் 3.54 டிஃப் போட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் வண்டியில் இருப்பது 4.7. அதை 3.54 ஆக்கினால் கால் பங்கு இழுவை போகும். டயரால் ஏற்கனவே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு நட்டம். அப்புறம் பெரகலைக்கு இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. 7.50-16 டயரும் 4.7 டிஃபும் சேர்ந்து வந்தது நீளமான 109க்கு லேண்ட்ரோவர் கம்பெனியே கொடுத்த அமைப்பு. அதைத் தொடாமல் விடுங்கள். சமதரையில் சத்தத்தையும் செலவையும் குறைக்க விரும்பினால், எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேலதிக கியரான ஃபேரி ஓவர்டிரைவ் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள். வெல்லவாயா போன பிறகு லீவரைப் போடலாம், மலைக்குத் திரும்பும்போது எடுத்துவிடலாம். ஓவர்டிரைவில் மட்டும் ஒருபோதும் மலை இறங்காதீர்கள்.

வாசகர் கேள்வி, பதுளையிலிருந்து: டபுள் கேப்புக்குப் பெரிய டயர் போட்டு, பின் டிஃபை 4.10இலிருந்து 4.56 ஆக்க நினைக்கிறேன். முன்பக்கத்துக்கு ஜோடி கிடைக்கவில்லை. முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப்பைத் திறந்தே வைத்துக்கொண்டால் பின்பக்கத்தை மட்டும் மாற்றலாம்தானே?

பதில்: ஹப் திறந்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. ஆனால் நமுனுகுலைப் பக்கம் ரோடு சேறாகும் ஒரு நாள் வரும், அன்றைக்குத்தான் நீங்கள் ஃபோர் வீல் போடுவீர்கள். போட்டதும் டிரான்ஸ்பர் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். பின் சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன் சக்கரம் 111 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது, முன்பக்கம் வழுக்கி இழுக்கும். காய்ந்த ரோடு என்றால் பலவீனமான ஏதாவது ஒன்று உடையும். உங்களுக்கு மிக அவசியமான நேரத்தில் வண்டி உங்களுக்கே எதிராக நிற்கும். தயவுசெய்து முன் ஜோடி கிடைக்கும்வரை பொறுங்கள். 4.10க்கு 4.11 போன்ற சின்ன வித்தியாசம் பரவாயில்லை, இது அப்படியல்ல.

விற்கிறவர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். திறந்த டிஃப் என்றால் பல்லை எண்ணுங்கள். பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.56. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.10. வண்டியில் பூட்டியிருந்தால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் 4.10, நாலரைக்குச் சற்று மேலே போனால் 4.56. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைத் தடுக்கும் எல்எஸ்டி உள்ள டிஃபில் இந்த முறை சரிவராது.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உரசித் தயாரித்த ஜோடி. ஒரு பெட்டியிலிருந்து ஒன்று, இன்னொன்றிலிருந்து மற்றது என்று சேர்த்தால் சில நாளிலேயே ஊளையிடும். பூட்டும் பாஸ் பல்லில் மை தடவிப் பதிவு பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். பார்க்காதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். 80டபிள்யூ-90 ஜிஎல்-5 எண்ணெய் ஊற்றி முதல் நாள் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆற விடுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றவோ ட்ரெய்லர் இழுக்கவோ வேண்டாம். அது முடிந்ததும் அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.