காகிதம் வெட்டினால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ப்ளஸ் டூ பயாலஜி குரூப், நீட் கோச்சிங்குக்குக் கட்டிய பணம், அரையாண்டில் சரிந்த மதிப்பெண் எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவற்றையெல்லாம் தாண்டி மனதில் நின்றது ஒரு வரிதான்: "மியூசியத்துல பேப்பரை வெட்டி ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையாங்க? யாரு சம்பளம் குடுப்பா?"

நியாயமான கேள்வி. கேட்கும் விதத்தில் கொஞ்சம் கோபம் இருந்தாலும் கேள்வியில் தவறில்லை. ஒரு ஓவியர் அருங்காட்சியகச் சுவரில் காகித இலைகளையும் பவளப்பாறைகளையும் பொருத்துகிற காணொளியை உங்கள் மகள் பார்த்தாள், அன்றிலிருந்து ரெக்கார்டு நோட்டுத் தாளிலெல்லாம் முருங்கை இலை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். கையில் கத்தியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றும். இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். காகிதம் வெட்டுகிற கலைஞர்கள் பலர் வைத்திருப்பது அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் 11ஆம் எண் பிளேடுதான். நீங்கள் அவள் கையில் பார்க்க ஆசைப்பட்ட அதே கத்தி.

விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியருக்கு 1941ல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு நாற்காலியிலும் படுக்கையிலும்தான் அதிக நேரம். ஓவியத்தைத் தாங்கி நிற்கும் சட்டத்தின் (ஈசல்) முன்னால் நின்று வரைய முடியாதவர் கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசித் தருவார்கள், இவர் கடற்பாசி, இலை, மீன், பறவை என்று வெட்டுவார், அவர்கள் அவர் கைகாட்டிய இடத்தில் குண்டூசியால் குத்துவார்கள். "இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை இடப்பக்கம்" என்று நாள்கணக்கில் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். 1952ல் நீஸ் நகரில் தன் சாப்பாட்டு அறைச் சுவரைச் சுற்றி இப்படித்தான் 'நீச்சல் குளம்' என்ற படைப்பை உருவாக்கினார். மணல் நிறச் சணல் துணி போர்த்திய சுவர், அதன்மேல் வெள்ளைக் காகிதப் பட்டை, அதில் பாய்ந்து மூழ்குகிற நீல உருவங்கள். நீளம் ஐம்பது அடிக்கும் மேல்.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். 1954ல் அவர் இறந்த பிறகு அந்தத் துண்டுகளைப் புதிய சணல் துணியில் ஒட்டினார்கள். 1975ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது. சணலில் அமிலம் உண்டு. வருடம் போகப் போகத் துணி பழுப்பேறி, காகிதத்திலும் கறை ஏறத் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை மக்கள் பார்வைக்கு வைக்கவே முடியவில்லை. பிறகு காகிதப் பாதுகாப்பு நிபுணர்கள் உட்கார்ந்து, பழைய துணியை நீக்கி, பொருத்தமான நிறத்தில் புதுத் துணி தேடி, மத்தீஸின் அறை அளவிலேயே ஓர் அறை அமைத்து, அவர் வைத்த உயரத்திலேயே பொருத்தி, 2014ல் திரும்பக் காட்சிக்கு வைத்தார்கள்.

வெட்டியவர் ஒருவர். அவர் போன பிறகும் அந்தக் காகிதத்தை வைத்துப் பல ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

கண்காட்சிக்கு முந்தைய இரண்டு வாரம் ஓர் அருங்காட்சியகக் கூடத்தில் நின்றால் தெரியும். சுவருக்கு அடித்த பெயின்ட் நன்றாக உலர்ந்து வாடை போகும்வரை காகிதத்தைப் பக்கத்தில் விடமாட்டார்கள். பெட்டி பிரித்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் எண், புகைப்படம், எங்கே மடிப்பு எங்கே கிழிசல் என்று நிலை அறிக்கை. நிஜ அளவில் வரைந்த டெம்ப்ளேட்டைச் சுவரில் விரித்து ஊசி இடம் குறிப்பார்கள். ஏசி காற்று நேராக அடித்தால் தொங்கும் இலை ஆடி ஆடியே கிழியும். காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் தாள் சுருளும். விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. அந்த மங்கல் வெளிச்சத்திலேயே நிழல் அழகாக விழவும் வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையில் பாதி அழகு நிழலில்தான். இதையெல்லாம் கலைஞர் தனியாகச் செய்வதில்லை. காட்சி வடிவமைப்பாளர், ஒளியமைப்பாளர், பாதுகாப்பு நிபுணர், ஏணிமேல் நின்று பொருத்துகிற குழு, கணக்கு வைத்துக்கொள்கிற பதிவாளர் என்று ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது இதில் எது? வெட்டுவதா, ஓர் அறையை வேறொன்றாக மாற்றுவதா, இலையின் நரம்பைக் கூர்ந்து பார்ப்பதா? அவளுக்கே இன்னும் தெரிந்திருக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படிப்புக்குப் போகும்.

வெட்டுவதும் வரைவதும்தான் என்றால் நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) இருக்கிறது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல் தொடங்கியது, கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. பயாலஜி குரூப் தடையே இல்லை. அறையை மாற்றுவதுதான் என்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) கண்காட்சி வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் ப்ளஸ் டூ ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பள்ளி முடிவதற்கு முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் உங்கள் வீட்டுக்கு நான் அழுத்திச் சொல்வேன். காகிதம் ஏன் மஞ்சளாகிறது, பசை ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்பதெல்லாம் வேதியியலும் உயிரியலும். அறிவியலில் இளங்கலை முடித்துவிட்டு அரும்பொருள் பாதுகாப்பில் முதுகலை படிக்கலாம். நொய்டாவில் இருக்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930லேயே வந்துவிட்டது. அவளை ஒருநாள் அந்த வளாகத்துக்கு அழைத்துப் போங்கள்.

இலையைப் பார்ப்பதும் வெட்டுவதும் வேறு வேறு திறமை என்று நினைக்க வேண்டாம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் செய்த காகிதப் பூக்கள் கிட்டத்தட்ட ஆயிரம் இருக்கின்றன. 1700ல் பிறந்தவர், எழுபது வயதுக்கு மேல்தான் இதைத் தொடங்கினார். நிஜச் செடியை முன்னால் வைத்து, மகரந்தத் தாள்களை எண்ணி, வண்ணத் தாளில் வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டுவார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துணுக்குகள் போன படைப்புகளும் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் தாவரவியல் பெயரும் எழுதிவைத்தார். ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக வரைகிற பெண்ணுக்கு அவர் படங்களைக் காட்டுங்கள். மறுபடி பாட்டனி புத்தகத்தைத் திறந்தாலும் திறப்பாள்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கண்காட்சி வைத்து மட்டும் பிழைப்பவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. தாள், பெட்டி, போக்குவரத்துக்குக் கலைஞர் முதலில் கைக்காசைப் போடுவார், வரவேண்டியது மெதுவாக வரும். பெரும்பாலோர் கூடவே பள்ளியில் கற்பிக்கிறார்கள், கடை முகப்பு, மேடை, புத்தக அட்டை என்று வடிவமைத்துக் கொடுக்கிறார்கள். அரசு அருங்காட்சியகப் பணியிடங்கள் எண்ணிக்கையில் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருடம் வீட்டுப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்க முடியுமா என்பதை நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது அறிவியல் பட்டம் வழியாகப் போகிற மூன்றாவது பாதைதான் உங்களுக்கு.

"இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்" என்று முன்பு ஒரு மாணவனிடம் நானே சொல்லியிருக்கிறேன், அவன் செய்த எதையும் பார்க்காமலே. இப்போது அப்படிச் சொல்வதில்லை. முதலில் வேலையைக் காட்டு என்கிறேன்.

அதனால் உங்கள் வீட்டில் ஒரு சுவரை ஒரு மாதத்துக்கு அவளுக்குக் கொடுங்கள். ஆறடிக்கு நாலடி போதும். வாசல் வேம்போ தொட்டி துளசியோ, ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு அதை வைத்து அந்தச் சுவரை நிரப்பட்டும். எத்தனை தாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தினமும் ஒரு போட்டோ. மழை நாளில் தாள் என்ன ஆகிறது, ஃபேன் போட்டால் என்ன ஆகிறது என்று அவளே பார்க்கட்டும். மாதக் கடைசியில் ஒன்றும் கிழியாமல் கழற்றி, எண் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, உங்கள் அம்மா வீட்டுச் சுவரில் மறுபடி பொருத்த வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். இரண்டாவது தடவை ஏணியில் ஏறும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கோச்சிங்கை இந்த ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டாம். சுவரைக் காரணம் காட்டி வகுப்புக்கு மட்டம் போட்டால் அதையும் குறித்துவையுங்கள்.

அது முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மூவருமாக வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டும் அட்டைப்பெட்டியும் வேண்டும். என் அறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.