புயல், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு எவ்வளவு காலம் உதவ வேண்டும்?

முதலில் நிவாரணம் வேறு, மறுவாழ்வு வேறு. அரிசி, தார்ப்பாய், கையில் கொஞ்சம் பணம், இதெல்லாம் நிவாரணம். சில வாரங்களில் முடிந்துவிடலாம். பழையபடி சம்பாதிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் மறுவாழ்வு, அதற்கான காலத்தை இழந்த பொருள்தான் முடிவு செய்யும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. ஒரு மரத்துக்கு இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சரி, ஆனால் புதிதாக வைக்கும் நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகுமே, அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? நெல் போனவருக்கு அடுத்த போகம் வரை போதும், தென்னை போனவருக்குப் போதாது.

கால் முறிந்தால் எலும்பு கூடும்வரை கட்டு இருக்கும், இல்லையா? எல்லோருக்கும் பத்தே நாள் என்று டாக்டர் பிரித்துவிடுவதில்லை.

அப்புறம், நீண்டகால உதவி என்றாலே மாதாமாதம் பணம் கொடுத்துச் சோம்பேறியாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நல்ல கன்று, ஊடுபயிருக்கு உதவி, கடன் தவணையைத் தள்ளிவைப்பது, இவையும் உதவிதான்.