பெட்டகத் திறப்பு: கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியதுதானா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இணைய நூலகங்களைப் பற்றியவை. முப்பத்திரண்டு வருடம் பாடசாலை நூலகத்தில் தூசி தட்டியவளிடம் கணினிக் கேள்வி கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டுகளைத் தேடி, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையதளத்துக்குப் போனேன். 'கல்வெட்டு' என்று தட்டினால் யார் யாரோ இறந்ததற்கு அச்சடித்த புத்தகங்கள் வந்து விழுகின்றன. தளத்தில் ஏதாவது குழப்பமா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: தளத்தில் ஒரு குழப்பமும் இல்லை, பிள்ளை. உங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் பெரிய கோயில் சுவர். எங்கள் யாழ்ப்பாணத்தில் அது செத்தவீட்டுப் புத்தகம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்கு 'கல்வெட்டு' என்றுதான் பெயர். இப்போது 'நினைவு மலர்' என்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது 'சாசனம்' என்று தேடினால் கிடைக்கும். சாசனங்களை ஆராய்ந்த பேராசிரியர்கள் கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் ஆகியோரின் பெயர்களை வைத்தும் தேடுங்கள். உங்கள் வேலை அதோடு முடிந்துவிடும். ஆனால் வந்து விழுந்ததை மூடிவிடாதீர்கள்.

என் மேசையில் இப்போது ஒன்று கிடக்கிறது. ரோஸ் நிற அட்டை, துருப்பிடித்த கம்பி, உள்ளே முட்டை வடிவச் சட்டத்துக்குள் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். முதலில் திதி வெண்பா: இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நாலு அடிக்குள் அடக்கியிருக்கிறார் புலவர். 'குரோதி' ஆண்டு, ஆவணி. குரோதி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருமல்லவா? அது 1904ஆ 1964ஆ என்பதற்குக் காகிதத்தையும் அச்சையும் பார்க்க வேண்டும். பார்த்தேன், 1964. பிறகு வம்சாவளி. அப்புறம் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். எல்லாவற்றையும் ஒரே புலவர்தான் ஒரே இருப்பில் எழுதியிருப்பார். மருமகள் உண்மையிலேயே அப்படி அழுதாளா என்று யாரும் கேட்பதில்லை.

சரக்கு வம்சாவளியில்தான் இருக்கிறது. மூத்த மகன் சிரம்பானில், இரண்டாவது மகன் தைப்பிங்கில், மருமகன் மலாயா ரயில்வேயில் கிளார்க். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், வீட்டுப் பெயர் என்ன, எந்தக் கோயிலுக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வருகிறது. மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவரைச் சொல்லும் 'மலாயன் பென்சனியர்' என்ற சொல் எங்கள் ஊரில் ஒரு சாதிப்பெயர் மாதிரியே புழங்கியது. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று தேட எனக்கு இதைவிட வசதியான இடம் தெரியாது. ஐம்பது கல்வெட்டை அடுக்கி வைத்துப் பாருங்கள், ஒரு கிராமம் கடல் தாண்டிய கதை தெரியும். மறுமுனையைப் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய பத்திரிகைத் தளம் திறந்தே கிடக்கிறது. அங்கே 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845 முதல் இருக்கிறது, 'தமிழ் முரசு'ம் இருக்கிறது. கந்தையா என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கல்வெட்டில் கெட்டவர் எவரும் சாவதில்லை. கடன், வேலி வழக்கு, இரண்டாம் தாரம் ஒன்றும் அதில் வராது. வேலி வழக்கைக் காணி உறுதியில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நாங்கள் சொல்லும் பெயர் வேறொன்று. இந்தத் தமிழ்ப் பெயர் எங்காவது அச்சில் இருக்குமா?
– ஓர் ஆசிரியர், ஹட்டன்

பதில்: இருக்கிறது சேர். வெள்ளைக்காரனே அச்சடித்து வைத்திருக்கிறான்! 'பெர்குசன்ஸ் சிலோன் டிரக்டரி' என்ற தடித்த புத்தகத்தின் பழைய தொகுதிகள் சில 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தோட்டம் தோட்டமாக மாவட்டம், சொந்தக்காரர், துரை, ஏக்கர் கணக்கு என்று போகும். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலும் அதில் உண்டு. துரைமார் ஸ்கொத்லாந்து நினைப்பில் கிளாஸ்கோ, பால்மோரல், டன்சினன் என்று வைத்துவிட்டார்கள். வண்டிக்காரனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வண்டி எங்கே போகும்? அதனால்தான் அவர்களுக்கே தமிழ்ப் பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். அதே பெர்குசன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் புதிதாக வரும் சின்னத்துரைமாருக்காக ஒரு தமிழ்க் கைநூலும் போட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. முதல் பாடமே ஏவல்தான் என்பதை அட்டையிலேயே சொல்லிவிட்டார்.

1870களின் தொகுதியையும் 1890களின் தொகுதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் தென்பட்டது. அதற்குப் பிறகு உங்கள் தோட்டத்தில் கோப்பி ஏக்கர் தேய்ந்து தேயிலை ஏறுவதை அந்தப் பக்கங்களில் காணலாம். கோப்பியைத் தூக்கி எறிந்து தேயிலை நட்ட கைகளின் பெயர் மட்டும் அதில் தேடாதீர்கள். துரையின் பெயர் இருக்கும், தொழிலாளி ஒருவரின் பெயரும் இராது. அந்தப் பக்கத்துக்கு மலையகத்துச் சங்க மலர்கள், பாடசாலை மலர்கள், சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்கள் என்று வேறு வழியில்தான் போக வேண்டும். உங்கள் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் ஏன் வந்தது என்று லயத்தில் இருக்கும் மூத்தவர்களிடம் இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள். டிரக்டரி காரணம் சொல்லாது.

கேள்வி: பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளும் திறந்த தளங்களில் வருகின்றனவே, அவற்றை நம்பலாமா?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: பின்னிணைப்பை நம்புங்கள். முதல் அத்தியாயம் எல்லா ஏட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். கடைசியில் அந்தப் பிள்ளை சைக்கிளில் போய் எடுத்த படம், சட்டி பானை செய்யும் வீடுகளின் பட்டியல், மீனவர் சொன்ன காற்றுப் பெயர்கள் இருக்கும். வழிகாட்டிய பேராசிரியருக்கே தெரியாத விசயம் அங்கே கிடக்கும். இந்திய ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற பொதுக் களஞ்சியம் உண்டு, தமிழிலும் நிறைய இருக்கின்றன.

கேள்வி: அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் கோயில் மலர்கள், கல்யாண அழைப்பிதழ்கள், பழைய நோட்டீஸ்கள் எல்லாம் இருக்கின்றன. அம்மா எரிக்கச் சொல்கிறார். வைத்திருக்கலாமா? ஸ்கான் பண்ணலாமா?
– ஒரு தம்பி, கிளிநொச்சி

பதில்: அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், தீப்பெட்டியைத் தூர வைக்கட்டும்.

தமிழ்நாட்டில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பை என்றதையும் சேர்த்தார். அவர் 1992இல் இறந்தார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பழைய ஸ்டூடியோப் படங்களையும், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புக் காகிதங்களையும் தேடித் தேடிப் படமெடுத்தார்கள். அந்த வேலை பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் நடந்தது. உங்கள் அம்மம்மாவின் பெட்டி அதே சாதிதான்.

இனி வேலை. பெட்டியை வெயிலில் கொட்டாதீர்கள். விறாந்தை நிழலில் பாயை விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து, கைத்தொலைபேசியிலேயே எடுக்கலாம். முதுகு உடையும் புத்தகத்தை ஸ்கானரில் கவிழ்த்து அமுக்க வேண்டாம். அட்டையின் உட்பக்கம், விளம்பரப் பக்கம் ஒன்றையும் விடாதீர்கள். கோயில் மலரில் எனக்குப் பிடித்தது விளம்பரம்தான். எந்தச் சந்தியில் எந்தக் கடை இருந்தது, யார் சைக்கிள் விற்றார், யார் சோடா போட்டார் என்று வேறு எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலால் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து இதே வேலையைச் செய்கிறார்கள், அவர்களோடு பேசுங்கள்.

அண்மைக்காலக் கல்வெட்டென்றால் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்ற வேண்டாம். நன்றி நவிலல் பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் தொலைபேசி எண்கள்கூட இருக்கும். புத்தகமென்றால் இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து எழுபது வருடம் வரை உரிமை உண்டு. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

படமெடுத்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன 97,000 புத்தகங்களில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அது ஊருக்குத் தெரிந்த கதை. என் கதை சின்னது. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து அடையாள அட்டைகளும் ஒரு மூட்டை அரிசியும் போயின. அப்பாவின் ட்ரங்குப் பெட்டியை யார் தூக்குவது? அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தேன், உள்ளே கறையான் கட்டிய மண்தான்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் தேடிக் கிடைக்காதது ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஒரு பாடசாலை மலர் இருந்தது, 1957. அப்பா மாணவனாக எழுதிய கட்டுரை ஒன்று அதில் வந்தது. துலாக் கிணற்றில், அதாவது ஏற்றக் கிணற்றில், நீர் இறைப்பதைப் பற்றி. துலாவில் ஏறி மிதிப்பவர்கள், கீழே பட்டை பிடிப்பவர், வாய்க்காலில் தண்ணீர் கட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பந்தி. எனக்குச் சிறுவயதில் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன் அதே மலரை யாரோ கொடுத்து இணையத்தில் ஏறியிருந்தது. அட்டையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. அது எங்கள் வீட்டுப் பிரதி இல்லை, எங்கள் வீட்டில் கோப்பையை அப்படி வைத்தால் அப்பா கொன்றிருப்பார். கட்டுரை 21ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. 22ஆம் பக்கத்தின் கடைசி வரி: "மூன்றாவது ஆள் ஏறும்போது". அடுத்த தாள் 25ஆம் பக்கம், வலைப்பந்தாட்ட அணியின் வெற்றி தோல்விகள். இடையில் ஒரு தாளை யாரோ கிழித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஏதோ படம் இருந்திருக்க வேண்டும்.

வடமராட்சியிலோ கொழும்பிலோ கனடாவிலோ யார் வீட்டு அலுமாரியிலாவது 1957 பாடசாலை மலர் எது கிடந்தாலும் 23, 24ஆம் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். துலா என்ற சொல் கண்ணில் பட்டால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு படம் அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.