உச்சியில் காத்து நிற்கும் மச்சினர்

அன்புள்ள ஐயா,

நான் கேப் டவுனில் வசிக்கிறேன். வரும் மார்ச்சில் நானும் என் மச்சினனும் கேப் எபிக் மலை சைக்கிள் பந்தயத்தில் இறங்குகிறோம். எனக்கு 41 வயது, 78 கிலோ. அவனுக்கு 33 வயது, 62 கிலோ. ஞாயிறுதோறும் யோங்கர்ஸ்ஹூக் மலைப்பாதையில் சேர்ந்து ஓட்டுகிறோம். ஏற்றம் வந்தால் அவன் போய்விடுவான். நான் மூச்சு வாங்க மேலே போய்ச் சேரும்போது ‘அவ்வளவுதான் மாமா, வாங்க’ என்று கிளம்புவான். அவனுக்கு நான் பாரமாகிவிட்டேனோ என்று இருக்கிறது. இரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வாங்குவதா, முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ள, எடை குறைந்த ஹார்ட்டெயில் வாங்கினால் அவனுக்கு ஈடுகொடுக்க முடியுமா? வாரம் எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இருப்பதோ மச்சினர். அந்தப் பந்தயத்தின் இரண்டு நிமிட விதி கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

2004-இல் தொடங்கியதிலிருந்தே அது இருவர் அணிப் பந்தயம். எட்டு நாள், 600 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் மட்டும் 15,000 மீட்டர் அளவில். சோதனைச் சாவடிகளை இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் கடந்தாக வேண்டும். மச்சினரின் வேகத்தை அங்கே யாரும் தனியாக அளக்கப் போவதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். எட்டு சதவீதச் சரிவு, மூன்று கிலோமீட்டர் மண்பாதை. இருவரும் 200 வாட் மிதிக்கிறீர்கள், வண்டியும் தண்ணீரும் ஆளுக்கு 13 கிலோ என்று வையுங்கள். நீங்கள் மேலே போக ஏறக்குறைய 22 நிமிடம் ஆகும், அவருக்குப் பதினெட்டரை. ஒரே உழைப்பு, கிட்டத்தட்ட நாலு நிமிட வித்தியாசம். இதில் பாரம் எங்கே வந்தது? எடை கூடியவர் மெதுவாக ஏறுவார், அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் வேகத்தில் வர அவருக்கு 165 வாட் போதும்.

ஒன்றரைக் கிலோ குறைந்த ஹார்ட்டெயில் வாங்கினால் இதே ஏற்றத்தில் இருபது வினாடி மிச்சமாகும். அதற்கு எட்டு நாள் கல்லிலும் குழியிலும் முதுகைக் கொடுக்க வேண்டும். வாரக் கணக்கு உங்கள் வேலையைப் பொறுத்தது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். போதும்.

இப்போது அந்த உச்சிக்கு வாருங்கள். அவர் நாலு நிமிடம் முன்னால் வந்து நிற்கிறார். நாடித்துடிப்பு இறங்குகிறது. தண்ணீர் குடிக்கிறார், ஒரு வாழைப்பழம் தின்கிறார். நீங்கள் வந்து சேர்ந்ததும் காலை பெடலில் மாட்டிக் கிளம்புகிறார். காத்திருந்ததாக அவருக்கு ஒரு பெருமை. உங்களுக்குக் கிடைத்த ஓய்வு? பூஜ்யம். மூன்று ஏற்றம் முடிந்தால் அவருக்குப் பன்னிரண்டு நிமிட ஓய்வும் மூன்று வேளை தீனியும் ஆகியிருக்கும். அவரைவிட அதிகம் களைத்த நீங்களோ ஒன்றுமே தின்றிருக்க மாட்டீர்கள். ஏறும்போது வாய்க்குள் மூச்சுக்கே இடமில்லை. உச்சியில்தான் தின்ன முடியும், உச்சியில்தான் அவர் கிளம்பிவிடுகிறாரே! மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டிய இடத்தில் 20 கிராம் போனால் நாலாவது மணியில் கால் மரக்கட்டையாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘மாமாவுக்கு ஸ்டாமினா இல்லை’ என்பார்கள். உண்மையில் காலி வயிறு.

காத்திருப்பது உதவி இல்லை, சொல்லிவிட்டேன். ஏற்றத்தில் நீங்கள்தான் முன்னால் போக வேண்டும். அவர் உங்கள் பின் சக்கரத்துக்குப் பின்னால் வரட்டும். பக்கத்தில் வந்தாலும் ஹேண்டில்பார் உங்களுடையதைத் தாண்டக் கூடாது. அரைச் சக்கரம் முந்தினாரென்றால் உங்கள் கால் தன்னையறியாமல் வேகம் கூட்டும், பத்தே நிமிடத்தில் எரிந்துபோவீர்கள். உச்சியைத் தாண்டியதும் நிற்காமல், லேசான கியரில் இரண்டு நிமிடம் உருட்டுங்கள், இருவரும் தின்னுங்கள். மறுபடி வேகம் எடுப்பது எப்போது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை மச்சினர் மறந்துவிடட்டும். இன்னும் இரண்டு வளைவு இருந்தால் இரண்டு வளைவு என்று சொல்லட்டும்.

உங்களுக்கும் திட்டு உண்டு. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொய் சொல்கிறீர்கள், இல்லையா? வாய் திறந்து முழு வாக்கியம் பேச முடியாத நிலை வந்ததுமே ‘மெதுவா’ என்று சொல்ல வேண்டும். கால் இழுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சமவெளியில் கதை தலைகீழ். தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது 78 கிலோ ஆள்தான் முன்னால். பின்னால் ஒட்டி வருபவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். ஏற்றத்தில் அவர் பொறுத்ததை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இறக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். புழுதியில் கல் தெரியாது.

வார நாளில் அவரவர் தனியாக ஓட்டுங்கள். சனி ஐந்து மணி நேரம், ஞாயிறு நாலு மணி நேரம் சேர்ந்து. இரண்டும் அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டும், களைத்த காலோடு ஏறிப் பழகத்தான். மேட்டுப் பயிற்சியைச் சேர்ந்து செய்ய ஆசை என்றால் தூரத்தை மறந்து நேரத்தைப் பிடியுங்கள்: ஒரே இடத்தில் தொடங்கி எட்டு நிமிடம் ஏறுங்கள், அவரவர் எட்டிய இடத்தில் திரும்பி இறங்கிப் பழைய இடத்தில் சேருங்கள். ஐந்து முறை. இருவருக்கும் முழு உழைப்பு, யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

பை விஷயம். பஞ்சர் பிளக்கும் (ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு) காற்றுக் குப்பியும் ஆளுக்கொரு செட். சங்கிலி அறுக்கும் கருவி ஒன்று போதும். இருவரும் ஒரே கம்பெனி 12 கியர்ச் சங்கிலி போடுங்கள். ஸ்ராம் சங்கிலிக்கு ஷிமானோ இணைப்புக் கண்ணி சேரும் என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். பின் டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃப்ரேமில் மாட்டும் சின்னத் தகடு) ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறுபடும், அவரவருடையதை அவரவர் வைத்திருங்கள்.

அங்கே டுவல்ச்சி என்று பயப்படுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சி. டியூப் இல்லாத 29 அங்குல டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 120 மில்லி ஊற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். பந்தயத்துக்கு முந்தின வாரம் திறந்து பாருங்கள். முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தால் சீலன்ட் அங்கே இறங்கி அடைத்துக்கொள்ளும். பிறகும் சீறினால்தான் பிளக். குப்பியில் அடிக்கும்போது வால்வு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் உறைகுளிர் வாயு நேராகச் சீலன்டில் பாய்ந்து அதைக் கட்டியாக்கிவிடும். 25 கிராம் குப்பி வாங்குங்கள், 16 கிராம் அந்த டயருக்குப் பற்றாது.

வண்டி கேட்டிருந்தீர்கள் அல்லவா? ஃபுல் சஸ்பென்ஷன். இந்தக் கடிதத்தை மச்சினரிடம் காட்டுங்கள். உங்களைத் திட்டிய பத்தியையும் சேர்த்தே காட்டுங்கள்.