ஒருவரை ‘அவுட்லா’ என்று அறிவித்தால் என்ன பொருள்?

இடைக்கால இங்கிலாந்தில் ஒருவரை ‘அவுட்லா’ என்று அறிவித்தால், சட்டம் அவரைக் கைகழுவிவிட்டது என்று பொருள். சொத்து பறிபோகும். அவரை அடித்தாலும் கேட்க நாதி இல்லை. அடைக்கலம் கொடுப்பவரும் குற்றவாளி ஆவார். தொடக்க காலத்தில் கொன்றாலும் குற்றமில்லை. ‘ஓநாய்த் தலை’ என்றே அவரைக் குறிப்பிட்டார்கள். ஓநாயை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், அந்தக் கணக்குதான்.

ஏன் இவ்வளவு கடுமை? அன்று இன்றுள்ளதுபோல் போலீஸ் கிடையாது. ஓடி ஒளிந்தவரைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. அதனால் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றம் கூடும்போது அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். வரவில்லையா? சரி, அடுத்த கூட்டத்தில் மறுபடியும். ஐந்தாவது கூட்டத்திலும் ஆள் வராவிட்டால் அறிவிப்பு வந்துவிடும். பிடிக்க முடியாதவரை மிரட்ட, பாதுகாப்பை விலக்கிக்கொள்வதுதான் கையிலிருந்த ஆயுதம். விளையாட்டில் ஒருவரை மட்டும் யார் தள்ளிவிட்டாலும் நடுவர் விசில் ஊதமாட்டார் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

இதை மன்னர் தன்னிஷ்டத்துக்குச் செய்யக்கூடாது என்று 1215இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் கட்டுப்படுத்தியது. பிற்காலத்தில் கொல்லும் உரிமையும் போனது. ஆனாலும் குற்ற வழக்குகளில் இந்த முறை முழுதாக ஒழிந்தது 1938இல்தான். நம்பச் சிரமமாக இருக்கிறது!

அப்புறம், ‘அவுட்லா’ என்றாலே காட்டுக் கொள்ளைக்காரன் என்று நினைக்க வேண்டாம். கடன் வழக்கில் நீதிமன்றத்துக்கு வராமல் இருந்தவர்களையும் அப்படி அறிவித்திருக்கிறார்கள்.