கல்லூரி நடத்தும் எம்.பி., கல்லூரிக் கட்டணம் பற்றி ஓட்டுப் போடலாமா?

கேள்வி: எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் குடும்பத்தினர் ஓர் அறக்கட்டளை மூலம் மருத்துவக் கல்லூரி நடத்துகிறார்கள். என் மகள் அங்கேதான் படிக்கிறாள், கட்டணத்துக்காக நிலத்தை அடகு வைத்திருக்கிறேன். தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அவையில் பேச்சு வந்தபோது அவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். எதிர்த்து ஓட்டும் போட்டார் என்கிறார்கள். தன் குடும்பத்துக்குக் கல்லூரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது குற்றமில்லையா? வழக்குப் போட்டு அந்த ஓட்டைச் செல்லாது என்று சொல்ல வைக்க முடியுமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவின்படி, நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்காகவோ போட்ட ஓட்டுக்காகவோ ஓர் உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது. நடைமுறை சரியில்லை என்று சொல்லி அவை நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்வி கேட்பதை 122வது பிரிவு தடுக்கிறது. ரிட் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது உங்களிடம் ஃபீஸ் கேட்டால், அந்தப் பணத்தை மகளின் கட்டணத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

லஞ்சம் மட்டும் இதற்கு விலக்கு. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பணம் வாங்கிக்கொண்டு பேசுவதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் 105வது பிரிவு கவசம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. லஞ்சம் வாங்கி ஓட்டுப் போட்டவருக்கும் அந்தக் கவசம் உண்டு என்று 1998ல் நரசிம்ம ராவ் வழக்கில் வந்த தீர்ப்பு அதோடு போயிற்று. ஆனால் உங்கள் கடிதத்தில் யாரோ அவருக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற பேச்சே இல்லை. சொந்தத் தொழிலுக்கு ஆதாயம் தேடுவது வேறு, லஞ்சம் வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பி ஃபேஸ்புக்கில் எழுதிவிடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 356வது பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

சரி, அவைக்குள் விதி ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மக்களவை நடைமுறை விதிகளில் 371வது விதி. ஓர் உறுப்பினருக்கு ஒரு விஷயத்தில் சொந்த, பண, நேரடி ஆதாயம் இருக்கிறது என்று காட்டி, அவர் போட்ட ஓட்டை ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்வார், அதுவே இறுதி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்சேபிக்க வேண்டியவர் இன்னோர் உறுப்பினர், நீங்களோ நானோ அல்ல. அதையும் வாக்கெடுப்பு முடிந்து முடிவை அறிவிப்பதற்குள் செய்தாக வேண்டும். அதோடு, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பதிவாகும் ‘டிவிஷன்’ நடந்திருந்தால்தான் இந்தப் பேச்சே எழும். பெரும்பாலான மசோதாக்கள் ‘ஆம் என்போர்’, ‘இல்லை என்போர்’ என்ற குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. அங்கே ஆட்சேபிக்கத் தனியாக ஓர் ஓட்டே கிடையாது. உங்கள் எம்.பி. ‘ஓட்டுப் போட்டார்’ என்று யாரோ சொன்னதை நம்பாமல், அன்றைய விவாதப் பதிவை நாடாளுமன்ற இணையதளத்தில் எடுத்து, டிவிஷன் நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

பெரிய பொத்தல் அந்த விதியின் விளக்கத்தில் இருக்கிறது. ஆதாயம் அந்த உறுப்பினருக்கு மட்டும் தனியாக உரியதாக இருக்க வேண்டுமாம். பொதுமக்களோடோ, மக்களில் ஏதோ ஒரு பிரிவினரோடோ பொதுவாக இருந்தால் போதாது. அரசின் கொள்கை சார்ந்த விஷயமாக இருந்தாலும் கணக்கில் வராது. இது நம் ஆட்கள் எழுதியதுகூட இல்லை. 1811ல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சபாநாயகர் அபாட் சொன்ன தீர்ப்பின் சொற்கள் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கின்றன. ஒரு தனி ஆளுக்கோ கம்பெனிக்கோ என்று மசோதா கொண்டுவந்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்றைய சட்டங்களுக்கு எப்படிப் பொருந்தும்? 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களின் கட்டணத்துக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பொறுப்பு ஆணையத்துக்கு. இதில் ஓட்டுப் போடும் கல்லூரி முதலாளி, ‘நாட்டில் உள்ள எல்லா தனியார் கல்லூரிக்காரர்களையும் போல நானும் ஒருவன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அவருடைய ஒரே கல்லூரிக்கு மட்டும் சலுகை தரும் மசோதா வந்தால்தான் 371 கடிக்கும். அப்படி ஒரு மசோதாவை யார் கொண்டுவரப் போகிறார்கள்?

சரி, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கட்சி கொறடா உத்தரவு போட்டிருந்தால், அதை மீறி ஓட்டுப் போடாமல் இருப்பதும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவியைப் பறிக்கும் காரணம்தான். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். அதாவது, ‘எனக்கு இதில் ஆதாயம் இருக்கிறது, நான் விலகிக்கொள்கிறேன்’ என்று நேர்மையாகச் சொல்பவரின் பதவிதான் நம் சட்டத்தில் ஆபத்தில் இருக்கிறது.

உங்கள் எம்.பி. மாநிலங்களவையில் இருந்திருந்தால் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே உறுப்பினர்களின் தொழில் நலன்களைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. ஒரு விஷயத்தில் தனக்குப் பண ஆதாயம் இருந்தால், அதைச் சொல்லாமல் விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று 294வது விதி நேராகவே சொல்கிறது. மக்களவையில் பதிவேடு இல்லை. பேசும்போது ஆதாயத்தைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்பது மரபாக இருக்கிறது, அவ்வளவுதான். பதிவேடு இருந்தாலும்கூட அறக்கட்டளைக் கல்லூரி அதில் சிக்குவது சந்தேகம். அங்கே கேட்பதெல்லாம் ஊதியம் பெறும் இயக்குநர் பதவி, கம்பெனியில் கட்டுப்படுத்தும் அளவு பங்கு போன்றவை. சம்பளம் வாங்காத அறங்காவலர் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார். அறக்கட்டளைச் சொத்து அவர் சொத்து அல்ல என்பதால் தேர்தல் பிரமாணப் பத்திரத்திலும் பெரும்பாலும் அதைப் பார்க்க முடியாது.

அதனால் ஓட்டின் பின்னால் ஓடாதீர்கள் என்பேன். சட்டத்தின் வாசகம் உருவாகும் இடம் குழுக்கள், கவனிக்க வேண்டியது அங்கேதான். அலகாபாத் எம்.பி.யாக இருந்த ஷ்யாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். சிகரெட், பீடி உறைகளில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதியை ஆராய்ந்த மக்களவைக் குழுவில் அவரும் உறுப்பினர். அந்த விதியைத் தள்ளி வையுங்கள் என்று குழு கேட்டது. 2015 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வர வேண்டியது தள்ளிப்போய் அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. அவர் அவையில் போட்ட ஓட்டு எதற்கும் இதில் வேலையே இல்லை, கவனியுங்கள்.

குழுக்களுக்கு 255வது விதி இருக்கிறது. ஆதாயம் உள்ள உறுப்பினர் ஒருவர் குழுவில் இருப்பதை ஆட்சேபித்தால், சபாநாயகர் முடிவு சொல்லும்வரை அவர் குழுவில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஆதாயம் உண்டு என்று முடிவானால் உறுப்பினர் பதவியே போய்விடும். இங்கேயும் அந்த 1811 விளக்கம் குறுக்கே நிற்கும்தான். ஆனால் இதற்கு அவகாசம் இருக்கிறது, எழுத்தில் போகிறது, பத்திரிகைகள் கவனிக்கின்றன. உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். சுகாதார நிலைக்குழுவில் இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அது மக்களவை சபாநாயகரின் கீழ் இல்லை, மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இருக்கும் குழு.

அப்புறம், உறுப்பினர்களின் நடத்தை பற்றிய புகார்களை விசாரிக்கும் மக்களவை நெறிமுறைக் குழு. வெளியாள் நேராகப் புகார் தர முடியாது, ஒரு மக்களவை உறுப்பினர் மூலம்தான் தர வேண்டும். வேறு கட்சி எம்.பி. ஒருவரைப் பிடியுங்கள், அது கஷ்டமான காரியம் இல்லை. புகார் பொய்யோ அற்பமோ அல்ல என்று நீங்கள் ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். பத்திரிகைச் செய்தியை மட்டும் வைத்து வரும் புகாரைக் குழு எடுத்துக்கொள்ளாது. எனவே அன்றைய விவாதப் பதிவின் நகல், அறக்கட்டளைப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், கல்லூரி உங்களுக்குக் கொடுத்த கட்டண ரசீது இம்மூன்றையும் இணையுங்கள். ரசீதில் மகளின் பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிடுங்கள், அவள் இன்னும் அங்கேதான் பரீட்சை எழுத வேண்டும்.