புள்ளி ஏறியது சரி, ஏற்றியது வகுப்பா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். புள்ளியியலில் பட்டம் முடித்திருக்கிறேன். கோவில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புக்கு உதவுகிறேன். கணிதத்தில் 40க்குக் கீழ் எடுத்த 20 ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சேர்த்தோம். மூன்று மாதத்தில் அவர்கள் சராசரி 30லிருந்து 38க்கு ஏறியது. சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.01க்கும் கீழ். கல்வி ஆய்வில் தரவுப் பகுப்பாய்வாளர் வேலைக்கு இதை மாதிரியாக அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் ‘வகுப்பு பலன் தந்தது’ என்ற முடிவோடு அனுப்பினால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு மாணவர்கள் எல்லாருடைய சராசரியும் இரண்டு சோதனையிலும் 55, புள்ளிகளின் பரவலும் ஒன்றுபோல, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டு புள்ளிகளும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.7 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 20 பேர் சராசரியிலிருந்து 25 புள்ளி கீழே இருந்தார்கள். அடுத்த சோதனையில் 0.7 × 25, அதாவது 17.5 புள்ளிதான் கீழே இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். 55இல் 17.5 போனால் 37.5. வகுப்பே நடக்காவிட்டாலும் 7.5 புள்ளி ஏறியிருக்கும். அன்று காய்ச்சலோடு எழுதியவர், கேள்வியைத் தவறாகப் படித்தவர் எல்லாம் அந்த ‘40க்குக் கீழ்’ பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். அடுத்த முறை அந்தத் துரதிர்ஷ்டம் அவர்கள் எல்லாருக்கும் திரும்ப வராது. இதைத்தான் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம். பி மதிப்பு இதைக் கண்டுபிடிக்காது. மாற்றம் தற்செயலாக வந்திருக்குமா என்று மட்டுமே அது பார்க்கும், ஏன் வந்தது என்று பார்க்காது.

ஆகவே வகுப்புக்கு வராத மாணவர்களின் இரண்டு சோதனைப் புள்ளிகளும் வேண்டும். பிறகு இறுதிப் புள்ளியை முதல் புள்ளியோடும், வகுப்பில் சேர்ந்தாரா (1 அல்லது 0) என்பதோடும் வைத்து ரிக்ரெஷன் போடுங்கள். முதல் புள்ளி ஒன்றுபோல இருந்தவர்களில் வகுப்பில் சேர்ந்தவர் எவ்வளவு வேறுபடுகிறார் என்று அது காட்டும். இடையில் நின்றவரையும் 1 என்றே வையுங்கள். தூரத்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) போகும் வேனைப் பிடிக்க வேண்டிய பிள்ளைதான் பாதியில் நிற்கும். அவரைக் கழித்தால் வசதியுள்ள பிள்ளைகளின் புள்ளிதான் மிஞ்சும். அடுத்த தவணையில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால், பெற்றோர் சம்மதத்தோடு சீட்டுக் குலுக்கிச் சேருங்கள். மற்றவர்களுக்கு அதற்கடுத்த தவணையில் இடம். எந்த ரிக்ரெஷனும் அதற்கு ஈடாகாது.

தரவைச் சுத்தம் செய்வதில்தான் பாதி நேரம் போகும். புள்ளிப் பட்டியலில் சோதனைக்கு வராதவருக்கு ‘டிஎச்’ (மலாயில் ‘வரவில்லை’ என்பதன் சுருக்கம்) என்று போட்டிருப்பார்கள். அதை 0 ஆக்கிவிடாதீர்கள். 18 பேர் சராசரி 40 இருக்க, வராத இருவரை 0 என்று சேர்த்தால் 36 ஆகிவிடும். பெயரை வைத்துப் பட்டியல்களை இணைக்காதீர்கள். ஒரே பிள்ளையின் பெயர் ரூமி (ரோமன்) எழுத்தில் மூன்று விதமாக இருக்கும். ஆளுக்கொரு எண் கொடுங்கள். மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண்ணை வெளியே போகும் கோப்பில் விடவே கூடாது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு பலர் வகுப்பறை மதிப்பீட்டின் டிபி (தேர்ச்சி) நிலைகளைச் சராசரி எடுக்கிறார்கள். டிபி 1 முதல் 6 வரை வெறும் வரிசை. 2லிருந்து 3க்குப் போவதும் 5லிருந்து 6க்குப் போவதும் ஒரே தூரம் அல்ல. எத்தனை பேர் எந்த நிலையில் என்று சதவீதம் காட்டினால் போதும்.

வேலையில் சேர்ந்தால் பள்ளி பள்ளியாகத் தரவு வரும். 20 பள்ளி, பள்ளிக்கு 20 பேர் என்றால் 400 தனி மாணவர்கள் என்று எண்ணாதீர்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை அளவு 0.2 என்றால், பள்ளிக்கு 20 பேரில் ஒன்று குறைத்து, 1 + 19 × 0.2 = 4.8. முழுப் பள்ளிகளையே திட்டத்தில் சேர்த்திருந்தால் 400ஐ 4.8ஆல் வகுங்கள். ஏறக்குறைய 83 பேரின் தகவல்தான் கையில் இருக்கிறது.

இரண்டாவது மாதிரிப் பணிக்கு 2022 பீசா (15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுச் சோதனை) தரவை எடுங்கள். இலவசம், கணக்குப் போட ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். ஒவ்வொரு மாணவருக்கும் கணிதத்தில் 10 சாத்திய மதிப்புகள் (அவருடைய உண்மைத் திறன் எவ்வளவு இருக்கலாம் என்ற பத்து மதிப்பீடுகள்) இருக்கும். அவற்றை முதலில் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. பரவல் சுருங்கிவிடும். பத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, விடைகளைச் சராசரி எடுங்கள். பிழையளவுக்கு, அதாவது வேறு மாணவர்களை எடுத்திருந்தால் விடை எவ்வளவு மாறியிருக்கும் என்று கணக்கிட, கோப்பில் உள்ள 80 மறுஎடைகளைப் பயன்படுத்துங்கள். இறுதி மாணவர் எடையோடு (ஒரு மாணவர் நாட்டில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) கணக்கிட்டால் மலேசியாவின் கணிதச் சராசரி 409 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் எடையைச் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள்.